சிம்னி ஒழுகுதா? ஓட்டை எங்கன்னு தேடுறதுக்கு முன்னாடி தண்ணி எப்போ வருதுன்னு பாருங்க

சிம்னின்னதும் சமையலறை அடுப்புக்கு மேல மாட்டுற மெஷின்னு நெனச்சுடாதீங்க, நான் சொல்றது கூரைக்கு மேல செங்கல்லுல நிக்கிற நெஜ சிம்னி. லண்டன்ல ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங்னு நம்ம ஆளுங்க வாங்குற வீடுகள்ல நெறைய நூறு வருஷம் தாண்டின வரிசை வீடுங்க. அந்தக் காலத்துல கிட்டத்தட்ட ரூமுக்கு ரூம் நிலக்கரி போட்டு எரிக்கிற கணப்பு இருந்துச்சு, அதோட புகை போறதுக்குத்தான் சுவத்துல இருந்து ஒரு முழம் முன்னாடி தள்ளி நிக்கிற அந்த சிம்னி சுவர். நம்ம ஊர்ல கணப்பு கட்டி வாழ்ந்த பழக்கம் கிடையாது, அதனால வீடு வாங்கினதும் அந்தச் சுவத்து மேல டிவியை மாட்டிட்டு அதை மறந்துடுறோம், அஞ்சாறு வருஷம் கழிச்சு அது தானா ஞாபகப்படுத்துது.

எங்க வீட்டுல பின்பக்க பெட்ரூம்ல ஒரு அக்டோபர் மாசம் வந்துச்சு. சீலிங்குக்கு ஒரு சாண் கீழ, டீ கொட்டிக் காஞ்ச மாதிரி மஞ்சளும் பழுப்புமா ஒரு கறை. முதல்ல வந்த ரூஃபர் (கூரை வேலை பாக்குறவர்) ஏணி போட்டு ஏறி பத்து நிமிஷத்துல எறங்கி, சீல் பண்ணிட்டேன்னு காசு வாங்கிட்டுப் போனார். மார்ச்ல திரும்ப வந்துச்சு. ரெண்டாவது ஆள் செங்கல்லு எல்லாம் போச்சு, மொத்தமா சிமென்ட் பூசணும்னார், பூசினோம். அடுத்த மழைக்காலத்துல கறை இன்னும் பெருசாச்சு. மூணாவதா நானே உக்காந்து பாத்தப்பதான் எங்க சிம்னியில ஒண்ணு இல்ல ரெண்டு பிரச்சனைன்னு தெரிஞ்சுது, ஒண்ணு மழை, இன்னொண்ணு மழைக்கு சம்பந்தமே இல்லாதது. ரெண்டு வருஷக் காசும் போனது, யாருமே “எப்போ ஈரமாகுது”ன்னு ஒரு கேள்வி கேக்காததால. அந்தக் கேள்வியில இருந்துதான் இந்த வழிகாட்டியே ஆரம்பிக்குது.

முதல்ல சிம்னி எப்படி நிக்குதுன்னு புரிஞ்சுக்கங்க

கீழ கணப்பு, அதுல இருந்து மேல போற புகைக்குழாய், இங்க ஃப்ளூன்னு சொல்வாங்க. ஒவ்வொரு கணப்புக்கும் தனித்தனி ஃப்ளூ, எல்லாம் சேந்து கூரைக்கு மேல ஒரே செங்கல் தூணா வெளிய வரும், அதுதான் ஸ்டாக். ஸ்டாக் தலையில சுட்ட மண்ணால செஞ்ச குழாய்ங்க நிக்கும், பாட்னு பேரு. பாட் அசையாம இருக்க அதைச் சுத்தி சரிவா பூசின கலவை ஃப்ளான்ச்சிங். ஸ்டாக் கூரையை வெட்டிட்டு வெளிய வர்ற இடத்துல, ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை மூடுற ஈயத் தகடுதான் ஃப்ளாஷிங். வரிசை வீட்டுல பெரும்பாலும் அந்த ஸ்டாக் பாதி உங்களோடது, பாதி பக்கத்து வீட்டோடது.

இப்ப இதைக் கவனிங்க. வீட்டுச் சுவருங்க ஒன்பது இஞ்சு கனம் இருக்கும், ஆனா ஸ்டாக் சுவர் பல வீட்டுல அரைக்கல் கனம்தான், அதாவது நாலு இஞ்சு சொச்சம். நாலு பக்கமும் காத்து, மழை, பனி, மேல மூடி கிடையாது. வீட்டுலயே ஒல்லியான சுவர் வீட்டுலயே மோசமான இடத்துல நிக்குது. நிலக்கரி எரிஞ்ச வரைக்கும் உள்ள இருந்து வந்த சூடு அதை உலர வச்சுக்கிட்டே இருந்துச்சு. 1952 டிசம்பர்ல லண்டனை மூடின அந்தப் பெரிய புகைமூட்டத்துக்கு அப்புறம் 1956ல சுத்தக் காத்துச் சட்டம் வந்து நிலக்கரிப் புகை குறைஞ்சுது, பின்னாடி கேஸ் ஹீட்டிங் வந்ததும் கணப்பை எல்லாம் பலகை வச்சோ செங்கல் வச்சோ அடைச்சுட்டாங்க. சூடு நின்னு போச்சு, ஆனா அம்பது அறுபது வருஷம் படிஞ்ச கரியும் உப்பும் இன்னும் உள்ளயே இருக்கு. சிம்னி ஈரத்துல பாதிக் கதை இதுதான்.

வேலை ஒண்ணு: ஒரு நோட்டு போடுங்க

இதை யாரும் செய்றதில்ல, நீங்க கண்டிப்பா செய்யுங்க. கறையோட ஓரத்தை பென்சிலால வரைஞ்சு தேதி எழுதுங்க. அப்புறம் மூணு நாலு வாரம் தினமும் ஒரு வரி: மழை பெஞ்சுதா, காத்து எந்தப் பக்கம் இருந்து, சுவர் தொட்டா ஈரமா, ஹீட்டர் ஓடுச்சா. காத்து திசையெல்லாம் போன் வெதர் ஆப்லயே வரும்.

ஒரு மாசத்துல நோட்டே பேச ஆரம்பிச்சுடும். மழை பெஞ்ச ஒரு மணி ரெண்டு மணிக்குள்ள ஈரம் வந்துச்சுன்னா தண்ணிக்கு நேரா ஒரு வழி இருக்கு, பெரும்பாலும் ஈயத் தகடு, இல்லன்னா தெறந்து கெடக்குற பாட். சாதா மழைக்கு வராம காத்தோட சாரல் அடிச்சா மட்டும் வருதா, அதுவும் தென்மேற்குக் காத்துக்கு (இங்க அதிகமா அடிக்கிறதே அதுதான்), அப்ப அந்தப் பக்கத்துச் செங்கல்லையும் நடுவுல இருக்கற கலவையையும் சந்தேகப்படுங்க. விடாம ரெண்டு நாள் பெஞ்சு, மூணாவது நாள் மழை விட்டப்புறம் ஈரம் வருதுன்னா செங்கல் ஊறி மெதுவா கீழ எறங்குது. மழையே இல்லாம புழுக்கமா இருக்கற நாள்ல கறை கருத்து ஈரமாகி, வெயில் அடிச்சா காஞ்சுடுதுன்னா அது ஒழுகலே இல்ல, உப்பு. நல்ல குளிர்காலத்துல, ஹீட்டர் போட்டு துணி உள்ளயே காயப்போடுற நாள்ல வருதுன்னா வீட்டுக்குள்ள இருக்கற நீராவி குளிர்ந்த ஃப்ளூவுல போய் தண்ணியா மாறுது.

எங்க நோட்டுல என்ன குழப்பம்னா ரெண்டும் இருந்துச்சு. பெரிய மழைக்கு உடனே சொட்டு, அதைத் தவிர மழையே இல்லாத ஒரு வாரத்துலயும் கறை நனைஞ்சு நின்னுச்சு. ஒரே காரணத்தைத் தேடிட்டு இருந்திருந்தா இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்.

சந்தேகம் தீரலன்னா ஒரு சின்ன டெஸ்ட். ஒரு சாண் சதுரத்துக்கு அலுமினியம் ஃபாயிலை கறை மேல வச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ரூம் பக்கம் ஃபாயில் மேல தண்ணி பூத்துச்சுன்னா ரூம் காத்துல இருக்கற ஈரம், சுவத்துப் பக்கம் நனைஞ்சிருந்தா ஈரம் சுவத்துக்குள்ள இருந்து வருது. ரெண்டு ஊசி குத்திப் பாக்குற ஈரம் அளக்குற மீட்டரை சிம்னி சுவத்துல நம்பாதீங்க, உப்பு இருந்தாலே அது காஞ்ச சுவரைக் கூட நனைஞ்சுதுன்னு காட்டும், அதை வச்சே பெரிய பெரிய வேலை விக்கிறாங்க.

வேலை ரெண்டு: மழையில லாஃப்ட்டுக்குப் போங்க

லாஃப்ட்டுன்னா இங்க சாமான் போடுற பரண் இல்ல, சீலிங்குக்கு மேல கூரைக்கு அடியில இருக்கற இடம். மழை விட்டப்புறம் இல்ல, பெஞ்சுக்கிட்டு இருக்கும்போதே. நல்ல டார்ச், முட்டி போட ஒரு பலகை, மரச்சட்டம் மேல மட்டும் கால் வைங்க, நடுவுல வச்சா கீழ் ரூம் சீலிங் உடைஞ்சு எறங்கிடுவீங்க. லாஃப்ட்டுக்குள்ள சிம்னி செங்கல் பூசாம அப்படியே தெரியும், அதனால தண்ணி பொய் சொல்ல முடியாத ஒரே இடம் அதுதான்.

நான் ஒரு நவம்பர் ராத்திரி பத்து மணிக்கு ஏறினேன். லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை செங்கல்லோட ஒட்டினாப்ல பக்கவாட்டுல சாச்சுப் பிடிச்சேன், நேரா அடிச்சா ஈரம் தெரியாது, சாச்சு அடிச்சா பளபளக்கும். ஸ்டாக்கோட மேல்சரிவுப் பக்கம், இடது மூலை, கூரையைத் தொடுற இடத்துல ஒரு விரல் அகலத்துக்கு செங்கல் மின்னுச்சு. அங்க இருந்து தண்ணி நேரா எறங்கல. ஒரு துளி திரண்டு, பக்கத்துல இருந்த கைமரத்தைப் பிடிச்சு, அதோட அடிப்பக்கமாவே ஊர்ந்து ரெண்டடி தள்ளி ஒரு ஆணி முனையில நின்னு, அங்க இருந்து சொட்டிச்சு. கீழ பெட்ரூம்ல கறை இருந்தது அந்த ஆணிக்கு நேர் கீழ. கறைக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு ரெண்டு வருஷமா நெனச்சோம், அது ரெண்டடி தள்ளி இருந்துச்சு.

லாஃப்ட்ல பாக்க வேண்டியது: செங்கல் மூலைங்க, கைமரத்துல பழைய தண்ணித் தடம், மரத்தை நகத்தால குத்தினா மெத்துன்னு போகுதா, செங்கல் மேல வெள்ளையா உப்பு பூத்திருக்கா. ஈரம் கூரையைத் தொடுற இடத்துல ஆரம்பிச்சா ஃப்ளாஷிங். செங்கல் முகம் முழுக்க மேல இருந்தே ஈரமா, பரவலா இருந்தா ஸ்டாக் ஊறி எறங்குது. லாஃப்ட்ல செங்கல் நல்லா காஞ்சிருந்து கீழ ரூம்ல மட்டும் கறைன்னா ஃப்ளூவுக்குள்ள பாக்கணும். கண்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டு போட்டோ எடுத்து வைங்க, பின்னாடி ரூஃபர்கிட்ட காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வேலை மூணு: கீழ நின்னே மேல பாருங்க

ஏணி போட்டு கூரை ஏறாதீங்க. நெஜமாத்தான் சொல்றேன், சிம்னி வேலையில ஆபத்து தண்ணி இல்ல, உயரம். எதிர்ப்பக்க நடைபாதையில நின்னு பைனாகுலர்ல பாருங்க, இல்ல போன் கேமராவுல ஜூம் பண்ணுங்க, பின்பக்கத்துக்கு தோட்டக் கோடியில இருந்தோ பின் தெருவுல இருந்தோ. பாட் சாஞ்சிருக்கா, விரிசல் இருக்கா. ஃப்ளான்ச்சிங் உடைஞ்சு துண்டு துண்டா நிக்குதா, புல்லு முளைச்சிருக்கா (புல்லு இருந்தா வேர் போற அளவு விரிசல் இருக்குன்னு அர்த்தம்). செங்கல் முகம் பொரிஞ்சு உதிர்ந்து உள்பக்கம் சிவப்பா தெரியுதா. கல்லுக்கு நடுவுல கலவை உள்வாங்கி நிழல் விழுதா. ஈயத் தகடு சுவத்தை விட்டு வாய் பொளந்து நிக்குதா, அது மேல சிமென்ட் அப்பி இருக்கா. மொத்த ஸ்டாக்கும் ஒரு பக்கம் சாஞ்சா மாதிரி இருந்தா அது தள்ளிப்போடுற விஷயம் இல்ல, கரியில இருக்கற கந்தக உப்பும் ஈரமும் சேந்து கலவையை உப்ப வைக்கும், தூண் வளையும், உடனே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

வேலை நாலு: தண்ணி அடிச்சுப் பாக்குறது

இது சாரம் கட்டினப்புறம், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, காஞ்ச நாள்ல. ஒருத்தர் மேல ஹோஸோட, ஒருத்தர் லாஃப்ட்ல டார்ச்சோட, ரெண்டு பேரும் போன்ல. விதி ஒண்ணே ஒண்ணு, கீழ இருந்து மேல. முதல்ல ஸ்டாக்குக்குக் கீழ இருக்கற ஓடு, அப்புறம் முன்பக்கத் தகடு, பக்கத் தகடு, மேல்சரிவுப் பக்கத்து கால்வாய் (ஸ்டாக் முதுகுல தண்ணி ஓட ஈயத்துல போட்ட பள்ளம், பின் கால்வாய்), அதுக்கப்புறம் செங்கல் முகம், கடைசியா ஃப்ளான்ச்சிங். ஒவ்வொரு இடத்துக்கும் பதினஞ்சு இருபது நிமிஷம் கொடுங்க. மேல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா தண்ணி எல்லாத்து மேலயும் வழிஞ்சு எது ஓட்டைன்னே தெரியாம போயிடும். மழை மாதிரி மெதுவா விடுங்க, பீச்சி அடிச்சா நல்ல ஓட்டுக்கு அடியிலயும் தண்ணி ஏறும்.

எங்களுக்கு முன்பக்கம் ஒண்ணும் இல்ல, பக்கங்கள்ல ஒண்ணும் இல்ல, பின் கால்வாய்ல தண்ணி விட்ட நாலாவது நிமிஷம் லாஃப்ட்ல அதே மூலை மின்ன ஆரம்பிச்சுது.

சரி பண்றது: ஈயத் தகடு

சிம்னி மழை ஒழுகல்ல முதல் குற்றவாளி இதுதான்னு வச்சுக்கங்க, அதுலயும் மேல்சரிவுப் பக்கம் இருக்கற பின் கால்வாய். கூரையில வழிஞ்சு வர்ற தண்ணி எல்லாம் ஸ்டாக் முதுகுல மோதி நிக்கிற இடம் அது, காஞ்ச எலையும் பாசியும் அங்கதான் சேரும். (உங்க ஸ்டாக் முகட்டு மேலயே நடுவுல நின்னா பின் கால்வாய் இருக்காது, எங்களோடது பின்சரிவுல கொஞ்சம் எறங்கி நிக்குது.)

சாரத்துல ஏறி நானே கிட்டத்துல பாத்தேன். மேல ரெண்டாவது ஆளோட சிமென்ட், அதைத் தட்டி எடுத்தேன். அதுக்கு அடியில முதல் ரூஃபர் வச்ச சீலன்ட், கருப்பா தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அதையும் எடுத்தா அடியில பழைய ஈயம், மூலையில மடக்குறதுக்காகத் தட்டித் தட்டி இழுத்து காகிதம் மாதிரி மெலிஞ்சு, மடிப்பு ஓரமா ரெண்டு இஞ்சு நீளத்துக்கு ஒரு விரிசல், தலைமுடி கனம்தான். விரலால அழுத்தினா வாய் தெறந்து மூடுச்சு. வெயில்ல ஈயம் விரியும், ராத்திரி சுருங்கும், சிமென்ட் அதைப் பிடிச்சு வச்சா அசைய வழி இல்லாம கிழியும், அதனாலதான் ஈயத்து மேல சிமென்ட் அப்புறவங்களை நான் வீட்டுக்குள்ள விடுறதில்ல.

புதுசா போடும்போது நீங்க கேக்க வேண்டியது இதுதான். ஈயத்துக்கு கனத்தை வச்சு நம்பர் இருக்கு, இங்க அதை கோடு (code)ன்னு சொல்வாங்க, கோடு 4ன்னா 1.8 மில்லிமீட்டர், ரோல்ல நீலக் குறி, கோடு 5ன்னா 2.24, சிவப்புக் குறி. முன்பக்கமும் பக்கங்களும் கோடு 4 போதும், பின் கால்வாய்க்கு கோடு 5 கேளுங்க. ஒரு துண்டு 1.5 மீட்டருக்கு மேல நீளம் போகக்கூடாது, துண்டும் துண்டும் சேர்ற இடத்துல குறைஞ்சது 100 மில்லிமீட்டர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். கூரையில இருந்து செங்கல் மேல 150 மில்லிமீட்டராவது ஏறி நிக்கணும், ஏன்னா மழைத்துளி கூரையில பட்டு செங்கல் மேல தெறிக்கும். கலவை இணைப்பை 25 மில்லிமீட்டர் ஆழம் வெட்டி, ஈய ஓரத்தை உள்ள மடிச்சு விட்டு, ஈயத் துண்டாலயே ஆப்பு அடிச்சு, அந்த வாயை மட்டும் ஈயத்துக்குன்னே இருக்கற சீலன்ட்டால மூடணும். பின் கால்வாய் தட்டையா 150 மில்லிமீட்டராவது அகலம் வேணும், தண்ணி நிக்காம பக்கத்துக்கு ஓட வாட்டம் இருக்கணும், மூலைங்க இழுத்து மடக்காம ஈய வெல்டிங் பண்ணி இருந்தா இன்னும் நல்லது. கடைசியா பேட்டினேஷன் ஆயில் தடவச் சொல்லுங்க, இல்லன்னா முதல் மழைக்கே ஈயத்துல இருந்து வெள்ளையா வழிஞ்சு ஓடெல்லாம் கறையாகும். ஈயம் விஷம், வேலை செஞ்ச கையோட சாப்பிட விடாதீங்க, வெட்டின துண்டை தோட்டத்துல குழந்தைங்க எடுக்கற மாதிரி போட விடாதீங்க.

செங்கல்லும் கலவையும்

பழைய வீடு சுண்ணாம்புக் கலவையில கட்டினது. சுண்ணாம்பு கொஞ்சம் மெத்து, ஈரத்தை உறிஞ்சி வெளிய விடும். அதுக்கு மேல கெட்டி சிமென்ட் பூசினா ஈரம் கலவை வழியா வெளிய வர முடியாம செங்கல் வழியா வரும், பனிக்காலத்துல அது உறைஞ்சு விரிஞ்சு செங்கல் முகத்தையே பொரிச்சு எடுக்கும். எங்க ரெண்டாவது ஆள் பூசின சிமென்ட் அடுத்த குளிர்லயே ஆறு கல்லோட முகத்தைக் கூட்டிக்கிட்டு கீழ விழுந்துச்சு. நம்ம ஊர் பழைய செட்டிநாட்டு வீடோ கோயில் மண்டபமோ பாத்த கொத்தனாருக்கு இதை வெளக்கவே வேண்டாம், சுண்ணாம்புச் சுவத்துக்கு சுண்ணாம்புதான்.

பழைய கலவையை 20, 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு உளியால எடுக்கணும், கிரைண்டர் வச்சா கல் ஓரம் போயிடும். தூசியைத் தட்டி, தண்ணி தெளிச்சு, நேச்சுரல் ஹைட்ராலிக் லைம்னு விக்கிற சுண்ணாம்புல 3.5 தரம், ஒரு பங்குக்கு ரெண்டரை மூணு பங்கு கரடு மணல், அழுத்தி அடைக்கணும். அப்புறம் சில நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்கணும், வெயிலும் காத்தும் சீக்கிரம் உலர்த்திட்டா பலம் வராது. அஞ்சு டிகிரிக்குக் கீழ போற நாள்ல இந்த வேலையே கூடாது, அதனால ஏப்ரல்ல இருந்து செப்டம்பருக்குள்ள வச்சுக்கங்க. பொரிஞ்ச கல்லை வெட்டி எடுத்து வேற பழைய கல் வைக்கணும். தண்ணி புகாத பெயின்ட் அடிச்சுடலாம்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, அது வெளித்தண்ணியைத் தடுக்கற மாதிரியே உள்ளத் தண்ணியையும் பூட்டி வச்சுடும்.

ஃப்ளான்ச்சிங் விரிசல் விட்டிருந்தா மேல ஒட்டு போடாம பழசை எடுத்துட்டு, நாலு பக்கமும் வெளிய பாத்து நல்ல வாட்டம் கொடுத்து புதுசா பூசணும். சாரம் ஒருதரம்தான் கட்டுவீங்க, மேல இருக்கும்போதே இதையும் முடிச்சுடுங்க.

மழையே இல்லாத தண்ணி

இதைத்தான் ரூஃபர்ங்க யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா இது கூரை வேலை இல்ல. எங்க ஃப்ளூவோட மேல் வாயில பழைய ஆளுங்க ஒரு கல் பலகையை வச்சு அடைச்சிருந்தாங்க, கீழ கணப்பை செங்கல் வச்சு பூசியிருந்தாங்க. ரெண்டு பக்கமும் மூடின ஒரு குளிர்ந்த குழாய். வீட்டு நீராவி செங்கல் வழியா மெதுவா உள்ள போகும், குளிர்ந்து தண்ணியாகும், கரியில ஊறும், உப்பைக் கரைச்சு எடுத்துக்கிட்டு பூச்சுக்கு வரும். அந்த உப்பு அப்புறம் காத்துல இருக்கற ஈரத்தையே இழுக்கும், மழைக்காலத்துல நம்ம வீட்டு உப்பு ஜாடி கசியுமே அதே கதைதான்.

ஃப்ளூ உபயோகத்துல இல்லன்னா முதல்ல ஒரு சிம்னி ஸ்வீப்பைக் கூப்பிட்டு கரியையும் பறவைக் கூட்டையும் எடுத்துடுங்க. ஜாக்டான்னு ஒரு சின்னக் காக்கா இனம் இங்க சிம்னிக்குள்ள சுள்ளி சுள்ளியா அடைச்சு கூடு கட்டும், முட்டை குஞ்சு இருக்கற கூட்டைக் கலைக்கிறது 1981 வனவிலங்குச் சட்டப்படி குத்தம், இளவேனில்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாத்துக்கங்க. அப்புறம் பாட் மேல மழை உள்ள விழாம ஆனா காத்து போற மூடி வைக்கணும், கீழ அடைச்ச கணப்புச் சுவத்துல ஒரு வென்ட் கிரில் வைக்கணும். மேல மட்டும் வச்சாலும் கீழ மட்டும் வச்சாலும் காத்து ஓடாது, ரெண்டும் வேணும்.

கேஸ் ஃபயரோ விறகு அடுப்போ அந்த ஃப்ளூவுல ஓடுதுன்னா மேல சொன்ன மூடியை நீங்களா வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளைக் கொண்டு போயிடும். கேஸுக்கு கேஸ் சேஃப் பதிவு இருக்கற ஆள், விறகுக்கு ஹீட்டாஸ் பதிவு இருக்கற ஆள், வேற யாரும் வேண்டாம், ரூம்ல அலாரமும் இருக்கணும். இன்னொண்ணு, ஒரு கிலோ மீத்தேன் எரிஞ்சா ரெண்டே கால் கிலோ தண்ணி நீராவியா வரும், லைனர் (ஃப்ளூவுக்குள்ள விடுற உள்குழாய்) போடாத பழைய ஃப்ளூவுல கேஸ் ஃபயர் ஓடினா அந்தத் தண்ணி முழுக்க செங்கல்லுக்குத்தான்.

பக்கத்து வீடு, காசு, கதவைத் தட்டுற ஆளுங்க

ஸ்டாக் பொதுவா இருந்தா இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 1996 பார்ட்டி வால் சட்டம் பொருந்தும், பொதுச் சுவத்துல ரிப்பேருக்கோ ஃப்ளாஷிங் வெட்டவோ ரெண்டு மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க எழுத்துல சம்மதிச்சா காத்திருக்க வேண்டாம். முதல்ல கதவைத் தட்டி லாஃப்ட் போட்டோவைக் காட்டுங்க. எங்க பக்கத்து வீட்டு குஜராத்தி ஆன்ட்டி அவங்க வீட்டுலயும் அதே மூலையில கறை இருக்குன்னு கூட்டிட்டுப் போய் காட்டினாங்க, சாரம் செலவை ஆளுக்குப் பாதி போட்டோம். சாரம் நடைபாதையில கால் ஊணினா கவுன்சில் லைசென்ஸ் வேணும், அதை சாரம் கட்டுறவங்களே எடுக்கணும், எடுத்தாங்களான்னு கேளுங்க. இன்சூரன்ஸை ரொம்ப நம்பாதீங்க, நாள்பட்ட தேய்மானத்துக்கு பொதுவா தர மாட்டாங்க, புயல்ல பாட் விழுந்தா மாதிரி விஷயத்துக்குத்தான் வாய்ப்பு.

“பக்கத்துத் தெருவுல வேலை செய்றோம், உங்க சிம்னி ஆடுறதைப் பாத்தோம்”னு வர்ற ஆளுக்கு கதவை மூடிடுங்க. மூணு பேர்கிட்ட எழுத்துல கொட்டேஷன் வாங்குங்க, அதுல ஈயம் என்ன கோடு, கலவை சுண்ணாம்பா சிமென்டா, முன்னாடியும் பின்னாடியும் போட்டோ தருவாங்களான்னு இருக்கணும். கேட்டதுக்கு பதில் சொல்லாம சீலன்ட் பேச்சு எடுத்தா அந்த ஆள் வேண்டாம்.

கடைசியா உள்சுவர்

மேல வேலை முடிஞ்ச அடுத்த வாரமே பெயின்ட் வாங்கிடாதீங்க. ஊறின செங்கல் ஒரு இஞ்சு காய ஒரு மாசம்னு பழைய கணக்கு, ஒன்பது இஞ்சு சுவர்னா ஒன்பது மாசம். உப்பு ஏறின பூச்சு எப்பவுமே காயாது, அதைக் கறைக்கு வெளியயும் ஓரடி தள்ளி செங்கல் தெரியற வரைக்கும் கொத்தி எடுத்துடணும். அதுக்கு மேல சாதா ஜிப்சம் பிளாஸ்டர் பூசினா உப்பு திரும்ப வெளிய வரும், கறை மறைக்கிற பெயின்ட்டும் ஒரு குளிர்காலம்தான் தாங்கும். சுண்ணாம்புப் பூச்சு பூசி, மூச்சு விடுற சுண்ணாம்பு பெயின்ட் அடிங்க, உப்பு ரொம்ப இருந்தா சுவத்துல ஒட்டாம இடைவெளி விட்டு பலகை அடிக்கறது ஒரு வழி.

எங்க சுவர் பதினொரு மாசம் செங்கல் தெரிய நின்னுச்சு. நான் நோட்டை நிறுத்தல, ஒவ்வொரு மழைக்கும் லாஃப்ட் ஏறி அந்த மூலையில கை வச்சுப் பாத்து தேதி எழுதினேன். ஜனவரியில மூணு நாள் விடாம தென்மேற்கு சாரல் அடிச்சுது, மூணாவது நாள் ராத்திரியும் செங்கல் காஞ்சிருந்துச்சு, ஆணி முனையில பழைய துருவைத் தவிர ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம்தான் பூசுறவரைக் கூப்பிட்டேன்.